ஒன்றும் போடாத குப்பி

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற இடத்திலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்: புருவம் நரைத்த மூத்தவர் ஒருவர், விமானத்தில் கழுத்துக்கு வைத்த தலையணையைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தவர் ஒருவர், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்த அம்மா ஒருவர். அப்புறம் கல்லூரித் தாளாளர். அவர் சிரித்தால் சிரிப்பதற்கு முதல்வர். ஏசி நின்றுவிட்டால் உடனே பார்க்க வேண்டும் என்று கதவோரம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்த ஏசி மெக்கானிக். சாயாத் தட்டோடு நான். திரைக்கு முன்னால், நான் அக்கா என்று கூப்பிடுகிற விஞ்ஞானி. மொத்தம் எட்டுப் பேர். தக்கலை பஸ் ஸ்டாண்டில் இந்தக் கதையை நேரில் பார்த்ததாகச் சொன்னவர்களை எல்லாம் சேர்த்தால் அந்த அறைக்குள் அறுபது பேருக்குக் குறையாது. அதனால்தான் சொல்கிறேன்.

அக்காவின் ஆய்வகம் இன்னும் மூன்று வருஷம் நடக்குமா, மார்ச் மாதத்தோடு பூட்டிவிடுவார்களா என்று அன்றைக்குத்தான் தீர்மானம். பூட்டினால் அக்காவின் ஏழு வருஷ வேலை பாதியில் நிற்கும். என் வேலையும் போகும், ஆனால் அதை யாரும் கணக்கில் எடுக்கப்போவதில்லை. நான் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள்.

அக்காவை ஊரில் டாக்டர் என்பார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "ஊசி போடத் தெரியாத டாக்டரா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, மறுநாள் முட்டுவலி எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அக்காவும் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கால் செரி. மத்தக் காலை எடுத்தியளா?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் அக்கா. மற்றதெல்லாம் பிறகுதான்.

யார் எதைச் சொன்னாலும் அவருக்கு அந்தப் பக்கம் தெரிந்தாக வேண்டும். இதைச் செய்தேன், அதனால் இப்படி நடந்தது என்று நீங்கள் சொன்னால், செய்யாதவனுக்கு என்ன நடந்தது என்று கேட்பார். கேலிக்கு இல்லை. கேலியாக இருந்தால் ஊர் மன்னித்திருக்கும்.

என்னை வேலைக்கு எடுத்ததே அப்படித்தான். நான் இனயம் கடற்கரைக்காரி. ஒன்பதாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவள். மூளை இல்லாமல் இல்லை, பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குப் பயத்தில் படித்ததெல்லாம் மறந்துபோகும், அதனால். புருஷன் சவூதியில். வீட்டில் அவருடைய அம்மா, மீன் விற்கிற மாமி, அவளும் நானும்தான். வேலை கேட்டுப் போன அன்றைக்கு, அந்த அறையில் இருந்த குப்பிகளைப் பார்த்ததும் முதல் கேள்வியை நான்தான் கேட்டேன்.

"இதுல விஷம் வல்லதும் உண்டா மேடம்?"

"கொஞ்சம் உண்டு. நீ வீட்டைப் பூட்டிட்டு எறங்கினா கேஸை அடைச்சோமான்னு திரும்பிப் போய்ப் பாக்குத ஆளா?"

"பாப்பேன்."

"எத்தன மட்டம்?"

"மனசு கேக்கது வர."

"பாக்காம போன அன்னைக்கு எப்பமாவது கேஸ் தொறந்து கெடந்திருக்கா?"

நான் யோசித்தேன். பார்க்காமல் போன நாளே கிடையாது என்று சொன்னேன். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு வேலை இல்லை என்று நினைத்துக் கிளம்பப் பார்த்தேன். "இல்ல மக்கா, இரி. பயப்படுத ஆளுதான் எனக்கு வேணும். ஆனா ஒரு நாளு பாக்காம போயிப் பாரேன்" என்றார். இன்றுவரை என்னால் முடிந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒருமுறையாவது கேட்பார்.

சிக்குன்குனியா வந்த வருஷம் கடற்கரை முழுக்க நண்டு மாதிரி வளைந்து நடந்தது. என் மாமி ஒரு வைத்தியரிடம் கஷாயம் வாங்கிக் குடித்து எழும்பியவள். ஒரு நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமி அந்தக் கஷாயத்தின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்தாள். பத்தே நாளில் எழும்பி மீன்சட்டியைத் தலையில் ஏற்றிவிட்டாளாம்.

"குடிக்காத ஆளு ஆரும் உண்டா மாமி?" என்றார் அக்கா.

"எதிர்வீட்டுக்காரி. அவளுக்குக் கசப்பு தொண்டையில எறங்காது."

"அவங்க எப்பம் எழும்பினாங்க?"

மாமி வாயைத் திறந்தாள். யோசித்தாள். முகம் கறுத்தது. "அவளும் அப்பத்தான் எழும்பினா. ஆனா அவ எழும்பினது வேற மாதிரியாக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அக்காவுக்கு மீன் கொடுத்துவிடும்போது மாமி கொஞ்சம் சின்னதாகப் பார்த்துத்தான் எடுப்பாள்.

அக்காவின் அம்மா எனக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார். அக்காவைப் பெண் பார்க்க வந்தார்களாம். பையனின் அம்மா, தன் மூத்த மருமகள் தங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் உடம்பு தேறி, நிறம் தெளிந்து, இரண்டு ஆண்பிள்ளையும் பெற்றாள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். காப்பித் தட்டோடு நின்ற அக்கா, "உங்க வீட்டுக்கு வராத பிள்ளைய எல்லாம் இப்பம் எப்பிடி இருக்காவ?" என்று கேட்டாராம். அந்த அம்மா கையில் எடுத்த நேந்திரங்காய் வறுவலைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அவ களியாக்கிக் கேக்கல்ல மோளே. நெஜமாவே அறியணும்னு கேட்டா. அதாக்கும் எனக்க தலவிதி" என்றார் அக்காவின் அம்மா.

ஒரே ஒரு முறை கேட்காமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நான் காலைப் பூசைக்குப் போயிருந்ததால் பிழைத்தேன் என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாயாக் கிளாஸை எடுத்து, அதில் சாயா தீர்ந்துபோன பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்காததை நான் என்னிடமே கேட்டுக்கொண்டேன்: பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்களா? பூசையில் என் பக்கத்தில் நின்றவள் வெளியே ஓடி, திரும்பி வரவில்லை.

அக்கா என்ன வேலை செய்தார் என்று சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ரத்தக்குழாயின் உள்சுவரில் சின்னச் சின்னக் கைகள் உண்டாம். உடம்பில் எங்காவது காயம் பட்டால் அந்த இடத்துச் சுவரில் கைகள் நீளும். ரத்தத்தில் உருண்டு போகிற வெள்ளை அணுக்களை அவை பிடித்து நிறுத்தும். நின்ற அணு சுவரைத் துளைத்துக்கொண்டு காயத்துக்குப் போய் வேலை பார்க்கும். அது நல்லது. சில பேருக்குக் காயமே இல்லாத இடத்தில் கை நீண்டுகொண்டிருக்கும். அணுக்கள் முட்டியிலும் விரல் கணுவிலும் போய்க் கூடிக் கூடி, அந்த இடம் வீங்கும், சுடும், மடங்காது. மாமியின் விரல்கள் இப்போது அப்படித்தான் இருக்கின்றன.

"அந்தக் கைக்குள்ள எதையாவது கொடுத்துட்டா பின்ன வேற ஒண்ணையும் பிடிக்காதுல்லா?" என்றார் அக்கா.

"பிள்ளை முடியைப் பிடிச்சு இழுக்காம இருக்க கையில கிலுக்கு கொடுப்பமே, அதுமாதிரியா?"

"அதேதான். கிலுக்கு அந்தக் கைக்கு அளவா இருக்கணும். அதைச் செய்யத்தான் இந்தப் பாடு."

இங்கே அந்தக் கிலுக்கு, அந்தக் கிலுகிலுப்பை, ஒரு துண்டு டிஎன்ஏ. நாலே எழுத்து மாறி மாறி வருகிற நூல். எழுத்து வரிசை எப்படியோ அப்படி அது மடங்கி ஒரு முடிச்சாக நிற்கும். எந்த முடிச்சு எந்தக் கைக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் முதலில் கோடிக்கணக்கான நூல்களைக் கலந்து அந்தக் கைகளின் மேல் ஊற்றுவார். அலசுவார். ஒட்டுப்புல் காட்டில் நடந்துவிட்டு வந்து சேலையை உதறுகிறோம் இல்லையா, உதறியும் விழாத புல் எது என்று பார்க்கிற வேலை. விழாததை எடுத்துப் பெருக்கி மறுபடியும் ஊற்றுவார், மறுபடியும் அலசுவார். கடைசியில் நிற்கிற சிலவற்றைக் கம்ப்யூட்டரில் வைத்து, இந்த எழுத்தை வெட்டினால் என்ன, அந்த எழுத்தை மாற்றினால் என்ன என்று மாதக்கணக்கில் பார்ப்பார். ஒரு எழுத்து தப்பினால் முடிச்சு அவிழ்ந்து வெறும் நூலாகிவிடும்.

கடைசியாக, கண்ணாடித் தட்டில் ரத்தக்குழாயின் அணுக்களை வளர்த்து, நூலைப் போட்டு, வெள்ளை அணுக்களை அதன்மேல் ஓடவிட்டு, எத்தனை ஒட்டிக்கொண்டன என்று எண்ணுவார். பக்கத்திலேயே இன்னொரு தட்டு இருக்கும். அதே எழுத்துகளை இடம் மாற்றிக் குழப்பி அடுக்கிய நூல் அதில். அது மடங்காது, பிடிக்காது. பிடிக்கக் கூடாது. அக்கா நல்ல நூலின் தட்டைவிட அந்தக் குழப்பின நூலின் தட்டைத்தான் அதிக நேரம் பார்ப்பார். ஊரிடம் கேட்கிற கேள்வியை அங்கே தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பட்டது.

நூலைக் கொதிக்க வைத்துப் பிறகு சட்டென்று குளிரவைத்தால்தான் சரியாக மடங்கும். அதற்கு ஐஸ் வேண்டும். கல்லூரியில் ஐஸ் மெஷின் வாங்கப் போகிறோம் என்று ஏழு வருஷமும் சொன்னார்கள். அதனால் எங்கள் ஊர் ஐஸ் கம்பெனியில் மீனுக்கு உடைக்கிற ஐஸைத் தெர்மோகோல் பெட்டியில் போட்டு நான் பஸ்ஸில் கொண்டுவருவேன்.

"இன்னைக்கு என்ன மீனு?" என்பார் கண்டக்டர்.

"மீனு இல்ல. வெறும் ஐஸு."

"மீன் இல்லாம ஐஸ் மட்டும் கொண்டுபோற ஒரே மீன்காரி நீதான் பிள்ளோ. அந்த டாக்டரம்மா கூடச் சேந்து உனக்கும் கழண்டு போச்சு."

அந்த ஐஸால் எதுவும் கெட்டுவிடுமோ என்று எனக்கு நித்தமும் பயம். நூல் இருக்கிற குழாய் மூடியிருக்கும், ஐஸ் வெளியேதான் இருக்கும், உள்ளே போகாது என்று அக்கா எத்தனை தடவை சொன்னாலும் பெட்டியை மோந்து பார்க்காமல் நான் உள்ளே எடுத்துப் போனதில்லை.

பிறகு கரண்டு போகிற காலம் வந்தது. ஒரு மணிநேரம் இருந்தால் ஒரு மணிநேரம் இருக்காது. நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டின மட்டும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றெல்லாம் எங்கே போய்க் கரண்டாகிறது என்று தெரியாது, எங்கள் மூன்றாம் மாடிக்கு மட்டும் வராது. ஃபிரீசர் உருகும், உறையும், மறுபடி உருகும். டிஎன்ஏ அதில் கெட்டுப்போகும். ஒரு வருஷத்துச் சரக்கு அப்படிப் போன பிறகு அக்கா ஒரு வழி செய்தார். அதுவரை நூலை வெறும் சுத்தமான தண்ணீரில் கரைத்து வைத்திருந்தவர், டிஎன்ஏ கெடாமல் இருக்க எல்லா ஊரிலும் எல்லாரும் வைத்துக்கொள்கிற ஒரு கரைசலில் கரைக்க ஆரம்பித்தார். எங்கள் ஊரில் மீனுக்கு உப்புப் போடுவது போலத்தான் அதுவும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எங்களுக்கு நல்ல காலம். அதுவரை அரைகுறையாக அடைத்த நூல்கள் இப்போது நன்றாக அடைத்தன. நூலைக் கூட்டினால் ஒட்டுகிற அணு குறைந்தது. இன்னும் கூட்டினால் இன்னும் குறைந்தது. அக்கா வரைந்த கோடு கோயில் படிக்கட்டு மாதிரி ஒழுங்காக இறங்கியது. பக்கத்துத் தட்டில் குழப்பின நூல் எதையும் செய்யாமல் சும்மா கிடந்தது. அக்கா வழக்கம்போல அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு, "இவ நல்ல பிள்ளை" என்றார்.

தாளாளருக்குச் செய்தி போனது. கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார். மூட்டுவாதத்துக்கு மருந்து கண்டுபிடித்த எமது கல்லூரியின் விஞ்ஞானி என்று எழுதி, அக்காவின் படத்தைச் சின்னதாகவும் தன் படத்தைப் பெரிதாகவும் போட்டிருந்தார். மருந்து இல்லை, கண்டுபிடிக்கவும் இல்லை என்று அக்கா போய்ச் சொன்னார். "அடக்கம் வேணும்தான் மேடம், ஆனா இவ்வளவு வேண்டாம்" என்றார் தாளாளர்.

பணம் தருகிறவர்களின் ஆய்வுக் குழு வருகிற வாரத்துக்கு முந்தின வாரம் பழைய குழப்பின நூல் தீர்ந்துபோனது. அது நாலு வருஷத்துக்கு முன் வாங்கியது. யாருக்கும் வேண்டாத நூல், அதனால் அது மட்டும் ஃபிரீசரின் அடித்தட்டில் கிடந்து கெடாமல் பிழைத்திருந்தது. அக்கா புதிதாக வரவழைத்துக் கரைத்து, கடைசியாக ஒருமுறை எல்லாத் தட்டையும் பார்த்துவிடலாம் என்று வைத்தார்.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவில்லை. நான் குப்பி கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னக்கா?"

"நல்ல பிள்ளையும் அடைக்கா மக்கா."

மடங்காத நூல், பிடிக்கக் கூடாத நூல், நல்ல நூல் அளவுக்கே அடைத்தது. "ஐஸ்னாலயா அக்கா? நேத்து ஐஸு லேசா மீன்வாடை அடிச்சுது. நான் சொல்லணும்னு இருந்தேன்."

"ஐஸ் இல்லட்டி." அக்கா பழைய நூலின் குழாயையும் புதிய நூலின் குழாயையும் மேசையில் அருகருகே வைத்தார். வெகுநேரம் பார்த்தார். "பழசு தண்ணில கரைச்சது. புதுசு இந்தக் கரைசல்ல கரைச்சது. வேற ஒரு வித்தியாசமும் இல்ல."

பிறகு அவர் செய்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு குப்பியில் அந்தக் கரைசலை மட்டும் எடுத்தார். நூலே இல்லை, ஒன்றுமே போடவில்லை. அதைத் தட்டில் விட்டார். அணுக்களை ஓடவிட்டார். அலசினார். என்னையும் பார்க்கச் சொன்னார். தட்டு காலியாக இருந்தது. ஒட்ட வேண்டிய அணு ஒன்றுகூட ஒட்டவில்லை.

ரத்தக்குழாயில் இருக்கிற அந்தக் கை மூட வேண்டுமென்றால் கால்சியம் வேண்டுமாம். டிஎன்ஏ கெடாமல் இருக்க அந்தக் கரைசலில் சேர்த்திருக்கிற சாமானுக்குத் தொழிலே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதானாம். நூல் போய்க் கையை அடைக்கவில்லை. கரைசல் கால்சியத்தைத் திருடியதால் கை மூடவில்லை. நூலைக் கூட்டக் கூட்டக் கரைசலும் கூடியது, அதனால் கோடு அவ்வளவு அழகாக இறங்கியது. உலகத்தில் எல்லாருடைய மறுபக்கத்தையும் விசாரித்தவர், நல்ல நூலுக்கு எதிரே குழப்பின நூலை வைத்தார், ஆனால் இரண்டுக்கும் ஒரே தண்ணீரா என்று பார்க்கவில்லை.

"இது படிச்சவங்க எல்லாருக்கும் தெரியுமா அக்கா?"

"முதல் வருஷப் பிள்ளைக்குத் தெரியும்."

குழு வருகிறதற்கு முந்தின நாள் மதியம் நான் அழாத குறையாகச் சொன்னேன். "அக்கா, இந்த ஒண்ண மட்டும் காட்டாம இருங்க. பழைய தட்டு எல்லாம் பொய்யி இல்லல்லா. எடுத்த படம் எடுத்த படம்தானே. பணம் வரட்டும், பொறவு வேற தண்ணில செஞ்சு நேராக்கிரலாம்."

"செரியா வரும்னு உனக்குத் தெரியுமா?"

"வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஒருமுறையாவது அவர் பாணியில் கேட்டுவிட்டேன் என்று அவருக்குச் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். பிறகு திரும்பி மைக்ரோஸ்கோப்பில் குனிந்துகொண்டார்.

மறுநாள் அந்த எட்டுப் பேர் அறையில், முதல் படமாகவே அந்தக் காலித் தட்டைப் போட்டார். படிக்கட்டுக் கோடு இரண்டாவதாகத்தான் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, நடந்ததை நான் மேலே எழுதியதைவிடக் குறைந்த வார்த்தையில் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். கழுத்துத் தலையணைக்காரர் விழித்துக்கொண்டார்.

மூத்தவர் கேட்டார். "அப்படியானால் ஒரு வருஷமாக நீங்கள் அளந்தது உங்கள் கரைசலைத்தானா?"

"ஆமா சார்."

"கண்டுபிடித்தது யார்?"

"நான்தான் சார்."

"வேறு யாருக்கும் தெரியுமா?"

"இவளுக்குத் தெரியும்" என்று அக்கா என்னைக் காட்டினார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தட்டில் சாயாக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் எனக்கே கேட்டது.

மூத்தவர் எழுந்து நின்று பேசினார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். இளைய தலைமுறைக்கு இது பாடம் என்றார். தன் குரு, தன் குருவின் குரு என்று போய்க்கொண்டே இருந்தது. மற்ற இருவரும் தலையசைத்தார்கள். முதல்வர் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் தலையசைக்கவில்லை, அதனால் முதல்வரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏசி மட்டும் அன்றைக்கு நிற்காமல் ஓடியது.

மதியச் சாப்பாட்டுக்கு நெய்மீன். பரிமாறிக்கொண்டே அவர்கள் பேசியதைக் கேட்டேன். தாளாளர் அக்காவின் பக்கம் குனிந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். வீக்கத்த அடைச்சது அந்தக் கரைசல்தானே?"

"தட்டுல அடைச்சுது சார்."

"அது விலை கொறவுதானே? அப்பம் அதையே மருந்தாக்கினா என்ன?"

"ரத்தத்துல உள்ள கால்சியத்த எல்லாம் அது பிடிச்சிட்டா இதயம் நின்னுரும் சார்."

"வீக்கம்?"

"வீக்கமும் நின்னுரும்."

தாளாளர் கொஞ்சம் நேரம் யோசிக்கத்தான் செய்தார்.

நேர்மையைப் புகழ்ந்த மூவரும் மாலை விமானத்துக்குப் போனார்கள். நேர்மையைப் பாராட்டி ஒரு பத்தியும், பணத்தை நிறுத்தி ஒரு வரியும் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. வாசலில் ஃப்ளெக்ஸைக் கழற்றினார்கள். அது வீணாகவில்லை, வாட்ச்மேன் கொட்டகைக்குக் கூரையாயிற்று. மடித்துப் போட்டதில் அக்காவின் முகம் உள்பக்கம் வந்தது, வெளியே மழை பெய்தால் தாளாளர் நனைவார். ஏசி மெக்கானிக் பஸ் ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "நல்லா இருந்த மெஷினை அந்த அம்மாவே கழத்திப் போட்டு, இது ஓடாதுன்னு காட்டினா. நாங்க அப்பிடிச் செஞ்சா பொழைக்க முடியுமா?"

மார்ச் முடிகிற வரைக்கும் அறை எங்களிடம் இருந்தது. அக்கா எல்லாவற்றையும் திரும்பச் செய்தார். நூல் வெறும் தண்ணீரில். குழப்பின நூலும் அதே தண்ணீரில். மூன்றாவதாக அந்தத் தண்ணீர் மட்டும், ஒன்றும் போடாத குப்பி. நான் ஐஸ் கொண்டுவந்து கொண்டே இருந்தேன். நூல்கள் ஒவ்வொன்றாகத் தோற்றன. படிக்கட்டு மாதிரி இறங்கியவை எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. ஒன்றே ஒன்று நின்றது. அதுவும் பெரிதாக இல்லை, ஒட்ட வந்த அணுக்களில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தடுத்தது. குழப்பினது தடுக்கவில்லை. தண்ணீர் தடுக்கவில்லை.

"அப்பம் ஜெயிச்சாச்சா அக்கா?"

"நான் செஞ்சதுல நின்னுருக்கு. நான்தானே ஒரு வருஷம் ஏமாந்தவ. வேற ஆளு, வேற இடத்துல, வேற தண்ணில செஞ்சு பாக்கணும்."

வடக்கே ஒரு ஊரில் அவருக்குத் தெரிந்த ஒருத்தி செய்து பார்க்கிறேன் என்றாளாம். நூலை உலர்த்தி அனுப்பினால் போதும், ஐஸே வேண்டாம் என்று அக்கா சொன்னார். ஐஸ் வேண்டாமா, அப்படியானால் கரண்டு போன காலத்தில் உலர்த்தியே வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "உலர்த்தவும் கரண்டு வேணும் மக்கா" என்றார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெட்டி ஐஸ் கொண்டுபோயிருந்தேன். அக்கா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நின்ற நூல், குழப்பின நூல், ஒன்றும் போடாதது என்று மூன்று குப்பிகளையும் பிளாஸ்டிக்கில் சுற்றி ஐஸுக்குள் வைத்தார். உனக்கு ராத்திரி உறக்கம் வரணும்ல்லா என்று மட்டும் சொன்னார்.

கூரியர் கடையில் இருந்தவர் கேட்டார். "உள்ள என்ன மேடம்? மருந்தா?"

"மருந்து இல்ல."

"மதிப்பு எவ்வளவுன்னு போடணும். தொலைஞ்சு போச்சுன்னா கம்பெனி அவ்வளவுதான் தரும்."

அக்கா யோசித்தார். ஏழு வருஷம் என்று நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன், எனக்கே எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

"வெறும் பெட்டியை அனுப்பினா எவ்வளவு போடுவீங்க?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "கொறஞ்சது நூறு ரூவா மேடம்."

"அப்பம் அதையே போடுங்க."

நூறு என்று போட்டால் ஒழுங்காகக் கொண்டுபோவார்களா என்ற கவலை அன்றைக்கே எனக்குப் பிடித்தது. அக்கா ஏப்ரலில் ஊரை விட்டுப் போனார், ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற வேலை, கோயம்புத்தூர்ப் பக்கம். எங்கள் மூன்றாம் மாடி அறையை ஆங்கிலம் பேசப் பழகுகிற அறையாக மாற்றினார்கள். நான் ஐஸ் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். ஐஸ் மட்டும் வாங்கிப் போனவள் என்று அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் போன் வந்தது. ஐஸ் உடைக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஓடிவந்து காதில் வைத்தேன்.

"மக்கா, பெட்டி போய்ச் சேந்து, அவ செஞ்சும் பாத்துட்டா. அங்கயும் நிக்குது. நமக்கு வந்த அதே அளவு."

செய்தி வாசிக்கிறவர்கள் குரலில்தான் சொன்னார். நான் மாதாவே என்று நெஞ்சில் கை வைத்தேன். பணம் திரும்பத் தருவார்களா, அறை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. அந்த ஃபைலை மூடியாச்சு. அவ அங்க வெச்சு மேல செய்வா." பிறகு அவர் குரல் மாறியது. "ஒண்ணும் போடாத குப்பி ஒண்ணு அனுப்பினோம்லா. அது ஒண்ணும் செய்யல்ல மக்கா. ஒண்ணுமே செய்யல்ல."

அதைச் சொல்லும்போதுதான் சிரித்தார்.